முதல் மோட்டார் சைக்கிள்: பழகுபவர் எதை வாங்குவது?

காலபோக நெல் வெட்டி நெற்காசு கைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில் எமது கிராமங்களுக்குப் புதிய மோட்டார் சைக்கிள்களும் வந்து சேருகின்றன. வீட்டுக்கு ஒரு துவிச்சக்கர வண்டி இருந்தால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. முன்பள்ளி ஆசிரியைக்கும், தூரத்து வயலுக்குப் போகும் கமக்காரருக்கும், கரையில் மீன் எடுத்து உட்கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் வியாபாரிக்கும், பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்த பிள்ளைக்கும் இன்று அது தேவைப்படுகின்றது. பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் வந்துபோகும் ஊர்களில் இதை ஆடம்பரம் என்று எவரும் சொல்லமாட்டார். இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே.

ஆனால் நாம் வாங்கும் விதத்தைச் சற்றுக் கவனிப்போம். ஒரு பசுமாடு வாங்குவதென்றால் பல்லைப் பார்க்கின்றோம், மடியைப் பார்க்கின்றோம், நாலு பேரிடம் விசாரிக்கின்றோம். மோட்டார் சைக்கிள் என்று வரும்போது அந்த நிதானம் எங்கோ போய்விடுகின்றது. பக்கத்து வீட்டுத் தம்பி எதை ஓடுகிறாரோ அதற்கு ஒரு படி மேலானதை வாங்கவேண்டும் என்ற எண்ணமே முன்னால் நிற்கின்றது. வாங்கப்போவது இன்னும் ஓடத் தெரியாத ஒருவர் என்பதை வாங்குபவரும் மறந்துவிடுகின்றார், விற்பவரும் நினைவூட்டுவதில்லை.

எமது நாட்டில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கின்றனர். அவர்களுள் பெரும் பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இதைச் சொல்லி வாசகர்களை அச்சுறுத்துவது எமது நோக்கமன்று. ஓடப் பழகியவருக்கு ஏற்ற சைக்கிளும் ஓடப் பழகுபவருக்கு ஏற்ற சைக்கிளும் ஒன்றல்ல என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம். முதலாவது சைக்கிள் பழகுவதற்கானது. இரண்டு, மூன்று வருடங்களில் அதை விற்றுவிட்டு விருப்பமானதை வாங்கிக்கொள்ளலாம்.

பாரமும் உயரமும்

பழகுபவர்கள் அதிகமாக விழுவது வேகமாக ஓடும்போது அல்ல. நிற்கும்போதும், திருப்பும்போதும், வீட்டுப் படலைக்குள் ஏற்றும்போதுமே விழுகின்றார்கள். காரணம் எளிது. ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிள் தன் ஓட்டத்தாலும் நாம் கைபிடியில் செய்யும் சிறு சிறு திருத்தங்களாலும் நிமிர்ந்து நிற்கின்றது. வேகம் குறையக் குறைய அந்த உதவி இல்லாமற் போகின்றது. கடைசியில் முழுப் பாரத்தையும் தாங்குவது எமது ஒரு கால்தான். அந்தக் கால் நிலத்தில் நன்றாகப் பதியாவிட்டால், அல்லது பாரம் காலின் பலத்துக்கு மேற்பட்டதாயின், சைக்கிள் சரியும்.

ஆகவே கடையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி "இது எத்தனை சீ.சீ.?" என்பதல்ல. ரி.வி.எஸ். ஸ்கூட்டி பெப் போன்ற சிறிய ஸ்கூட்டர் ஏறக்குறைய 95 கிலோ. பஜாஜ் சி.ரி.100, ஸ்பிளெண்டர் போன்ற 100 சீ.சீ. வகைச் சைக்கிள்கள் 110 கிலோ அளவானவை. இளைஞர்கள் ஆசைப்படும் பல்சர் 150 வகை 140 கிலோவைத் தாண்டுகின்றது. 110க்கும் 140க்கும் இடையில் இருப்பது முப்பது கிலோதானே என்று சிலர் எண்ணலாம். அரை மூடைக்கு மேற்பட்ட அரிசி அது! ஓடும்போது தெரியாது. மணலில் தள்ளும்போதும், சரியத் தொடங்கிய சைக்கிளை நிமிர்த்தும்போதும் தெரியும்.

கடையில் செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகள் உள்ளன. சீற்றில் நேராக இருந்து இரண்டு பாதங்களையும் நிலத்தில் வையுங்கள். குதிகால் வரை பதிந்தால் நல்லது. விரல் நுனி மட்டும் தொட்டால் அந்தச் சைக்கிள் இப்போதைக்கு உங்களுக்கு உரியதல்ல. பின்னர் இருந்தபடியே கால்களால் உந்திப் பத்தடி பின்னுக்குப் போய்ப் பாருங்கள். இறங்கி நின்று நடு ஸ்ராண்டில் நீங்களே ஏற்றி, நீங்களே இறக்குங்கள். கடைப் பையன் ஓடிவந்து "விடுங்கோ அக்கா, நான் ஏத்திறன்" என்பான். அவனை விலகி நிற்கச் சொல்லுங்கள். அவன் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

வாங்குபவர் தானே வந்து இருந்து பார்க்கவேண்டும் என்பதையும் சொல்லவேண்டியுள்ளது. மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கத் தகப்பனும் மாமாவும் மட்டும் பட்டணத்துக்குப் போய் வருகின்ற வழக்கம் எம்மிடம் உண்டு. ஆறடி உயரமுள்ள மாமாவின் கால் எட்டினால் ஐந்தடி மகளின் கால் எட்டுமா?

சீ.சீ. என்னும் மயக்கம்

இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கான சாரதி அனுமதிப்பத்திரம் இரு வகைப்படும். 100 சீ.சீ.க்கு மேற்படாதவை ஏ1 வகுப்பு. அதற்கு மேற்பட்டவை ஏ வகுப்பு. இதனை அறியாமல் வாங்கிவிட்டுப் பின்னர் இடர்ப்படுவோர் உள்ளனர். ஸ்கூட்டி பெப் 88 சீ.சீ.க்கு உட்பட்டது. ஸ்பிளெண்டர் 97, சி.ரி.100 இன் என்ஜின் 99 சீ.சீ. அளவு. இவையெல்லாம் ஏ1 வகுப்பினுள் அடங்கும். ஆனால் பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் ஹொண்டா டியோ 109 சீ.சீ. அளவானது. அது ஏ வகுப்பைச் சேர்ந்தது. "ஸ்கூட்டர்தானே" என்று எண்ணி ஏ1 மட்டும் எடுத்து வைத்திருப்பவர் அதில் ஏறினால், அவர் அனுமதிப்பத்திரம் இன்றி ஓடுபவரே. விபத்தொன்று நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடாமற் போகலாம். எனவே எந்த வகுப்புக்கு விண்ணப்பிப்பது, எந்தச் சைக்கிளை வாங்குவது என்ற இரண்டையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். பிற்காலத்தில் பெரிய சைக்கிள் ஓடும் எண்ணமிருந்தால் இதுபற்றி முன்னரே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வலு கூடிய என்ஜினால் பழகுபவருக்கு வரும் ஆபத்து எது? அது வேகமாக ஓடும் என்பது ஒரு பாதி மட்டுமே. சிறு சைக்கிளில் அக்சிலேற்றரைத் தவறுதலாக அதிகம் முறுக்கினால் அது உறுமிக்கொண்டு மெதுவாக நகரும். பெரிய சைக்கிள் பாயும். பழகுபவரின் கைக்கு இன்னும் அளவு தெரியாது. பயந்தால் கை இறுகும். கை இறுகினால் அக்சிலேற்றர் இன்னும் முறுகும்.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கும் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் ஏறக்குறைய 11 மீற்றர் கடக்கின்றோம். முன்னால் மாடு குறுக்கே வருவதைக் கண்டு, கை பிறேக்கைப் பிடிக்க ஒரு செக்கன் போய்விடும். அதன் பின்னர் உலர்ந்த தார் வீதியில், நல்ல பிறேக் உள்ள சைக்கிள் நிற்பதற்கு இன்னும் 10 மீற்றர் தேவை. மொத்தம் 21 மீற்றர். அதே சைக்கிள் 60 கிலோமீற்றரில் ஓடினால்? கை பிறேக்குக்குப் போகுமுன் 17 மீற்றர், நிற்பதற்கு 23 மீற்றர், மொத்தம் 40 மீற்றர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிறவலிலும் மழையிலும் இது இன்னும் நீளும். பழகுபவருக்கு ஒரு செக்கன் போதாது, இரண்டு செக்கன் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் தார்ச் சூட்டுக்காக நடு வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாட்டை, மங்கிய லைற்றில் எத்தனை மீற்றருக்கு முன்னால் காண்கின்றோம் என்று வன்னி வாசகர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

வீதி எப்படியோ, சில்லும் அப்படி

கடைகளில் மூன்று வகைகள் உண்டு. கிளச்சைக் கையால் பிடித்துக் காலால் கியர் மாற்றும் சாதாரண மோட்டார் சைக்கிள் முதலாவது. கியரே இல்லாத ஸ்கூட்டர் இரண்டாவது. மூன்றாவது, கியர் இருக்கும், ஆனால் கிளச் பிடிக்கத் தேவையில்லாத, எமது ஊரில் "ஹொண்டா பிப்டி" என்று பொதுப்பெயராகிவிட்ட வகை. 1958 ஆம் ஆண்டு ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட சுப்பர் கப் இவ்வகையின் மூதாதை. 2017 ஆம் ஆண்டளவில் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. உலகில் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்பட்ட மோட்டார் வாகனம் வேறில்லை. பாவாடையோ சாறமோ கட்டியவரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். சில்லு பெரிது. பாரம் குறைவு. புதிதாக இதனைக் கண்டுபிடித்து வாங்குவது இன்று எளிதல்ல. எனினும் நல்ல நிலையில் பழையது ஒன்று கிடைத்தால் பழகுபவருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்பதே எமது கருத்து.

ஸ்கூட்டர் துவிச்சக்கர வண்டி ஓடத் தெரிந்தவருக்கு விரைவில் கைவரும். இரண்டு பிறேக்கும் கையிலேயே உள்ளன. கிளச், கியர் என்ற குழப்பமில்லை. முன்னால் கால் வைக்கும் தட்டில் ஒரு சாமான் பையை வைக்கலாம். எமது கிராமப் பெண்கள் பலர் பிறர் தயவின்றி வேலைக்குச் சென்றுவரத் தொடங்கியது இந்த ஸ்கூட்டர்களால்தான். இதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லவேண்டும்.

முதலாவது சில்லு. பல சிறிய ஸ்கூட்டர்களின் சில்லு 10 அங்குலம். 100 சீ.சீ. சாதாரண சைக்கிள்கள் பலவற்றின் சில்லு 17 அங்குலம். பெரிய சில்லு ஏறிக் கடந்துவிடும் குழியில் சின்னச் சில்லு இறங்கி நின்றுவிடும். நல்ல தார் வீதியை அடுத்து வீடு உள்ளவருக்கு இது பெரிதல்ல. ஆனால் மாரியில் மாட்டுவண்டித் தடம் விழும் கிறவல் வீதியில் தினமும் ஐந்து கிலோமீற்றர் போய் வருபவருக்கு இது பெரிய விடயம். குளக்கட்டு, வயல் வரம்பு, கடற்கரை மணல் என்பவற்றில் போகவேண்டியவர் 17 அங்குலத்தையே தேடவேண்டும்.

இரண்டாவது, பயந்த கையின் பிரச்சினை. கிளச் உள்ள சைக்கிளில் எதுவும் கைமீறும்போது இடதுகையால் கிளச்சைப் பிடித்தால் என்ஜினுக்கும் சில்லுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஸ்கூட்டரில் அந்த வழி இல்லை. அக்சிலேற்றரை விடுவது ஒன்றே வழி. ஸ்கூட்டரை இயங்கவிட்டபடி இறங்கி, கைபிடியைப் பிடித்துத் தள்ளுகின்ற பழக்கம் மிக ஆபத்தானது. தள்ளும் கை தன்னை அறியாமல் முறுக்கிவிடும். ஸ்கூட்டர் ஆளை இழுத்துக்கொண்டு மதிலில் போய் மோதும். இறங்குமுன் திறப்பை நிறுத்தத் திருப்புவதை முதல் நாளிலேயே பழகவேண்டும்.

அண்மைக் காலத்தில் மின்சார ஸ்கூட்டர்களும் வந்துள்ளன. பெற்றோல் செலவில்லை, சத்தமில்லை. வாங்குமுன் மூன்றை மட்டும் கேளுங்கள்: ஒரு முறை சார்ஜ் செய்தால் ஆளையும் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு எவ்வளவு தூரம், பற்றறி மாற்றுவதற்கு எவ்வளவு காசு, பழுதானால் திருத்துபவர் எந்த ஊரில்? அது பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள்.

கராஜ்காரரைக் கேளுங்கள்

வாங்குமுன் எமது ஊர்க் கராஜ்காரரிடம் போய்க் கதைப்பது வீண்போகாது. "அண்ணை, இந்தப் பக்கம் எதுக்குச் சாமான் சுகமாய்க் கிடைக்கும்?" என்று கேட்டால் அவர் விளம்பரம் செய்யமாட்டார். கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை இரண்டு கிழமை சைக்கிள் சுவரோடு சாய்ந்து நின்றால், அந்த இரண்டு கிழமை வேலைக்கு எப்படிப் போவது? எல்லோரும் வைத்திருக்கும் சைக்கிளில் புதுமை இல்லை. ஆனால் அதன் பிறேக் கட்டையும் கிளச் வயரும் சந்திக் கடையிலேயே தொங்கும்.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஹொண்டா சைக்கிள்களைச் சில துளி பெற்றோலில் இயக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியதை முதியவர்கள் அறிவார்கள். புகையும் மணமும் சொல்லும் தரமன்று. ஆனாலும் ஓடின. சிறிய, எளிய என்ஜினாக இருந்ததாலும், ஊர்க் கராஜ்களில் அதைத் தலைகீழாகத் தெரிந்தவர்கள் இருந்ததாலுமே அது முடிந்தது. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிழமைக்கு 4 லீற்றர்தான். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடிய சிறு சைக்கிள்காரர் அதில் 240 கிலோமீற்றர் போனார். 40 ஓடியவர் 160 உடன் நின்றார்.

சாதாரண காலத்தில் பெற்றோல் செலவின் வித்தியாசம் பலர் எண்ணுமளவு பெரிதல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மாதம் 500 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 60 ஓடும் சைக்கிளில் எட்டரை லீற்றர் போகும். 45 ஓடுவதில் பதினொரு லீற்றர். மூன்று லீற்றருக்கும் குறைந்த வித்தியாசத்தால் எவரும் கடனாளியாவதில்லை. கடனாளியாக்குவது தவணைக் காசு.

காசும் கடதாசியும்

ஒரு உதாரணம் எடுப்போம். 3 இலட்சம் ரூபா லீசிங்கில் எடுக்கின்றோம். "வருடத்துக்கு 15 வீதம்தான் வட்டி, மூன்று வருடம்" என்கிறார்கள். முழுத் தொகைக்கும் மூன்று வருடத்துக்குமாக வட்டி கணக்கிட்டால் 135,000 ரூபா. மொத்தம் 435,000. மாதம் 12,083 ரூபா. ஆனால் நாம் மாதந்தோறும் முதலையும் அடைத்துக்கொண்டே வருகின்றோம். மூன்றாம் வருடத்தில் எமது கையில் உள்ள கடன் 3 இலட்சம் அல்ல. இருந்தும் வட்டி 3 இலட்சத்துக்கே அறவிடப்படுகின்றது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி வருடத்துக்கு 26 வீதமளவில் வரும். ஆகவே "எத்தனை வீதம்?" என்று மட்டும் கேளாமல், "எல்லாம் கட்டி முடிய மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்? ஒரு மாதம் பிந்தினால் எவ்வளவு தண்டம்? இடையில் முழுவதையும் கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பீர்கள்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கிய பின்பே கையொப்பம் இடுங்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகனின் 150 சீ.சீ. சைக்கிளுக்கு முற்பணம் கட்டத் தாயின் தாலிக்கொடி அடைவுக்குப் போனது. பழகி இரண்டாம் மாதம் பையன் வளைவில் விழுந்து கால் முறிந்தது. ஆறு மாதம் வேலைக்குப் போகமுடியவில்லை. தவணை கட்டாததால் சைக்கிளைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். நகையின் வட்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றது. பையன் உயிரோடு இருக்கின்றான் என்பதே அந்தத் தாய்க்கு ஆறுதல்.

ஆகவே முதலாவது சைக்கிளைப் பழையதாக வாங்குவதே நல்லதென நாம் கருதுகின்றோம். பழகும்போது அது விழத்தான் போகின்றது. கீறல் விழுந்த சைக்கிளில் இன்னொரு கீறல் விழுந்தால் மனம் நோகாது. ஆனால் பழையதின் விலை எப்போதும் மலிவு என்று எண்ணவேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, பழைய சைக்கிள்களின் விலை வாங்கிய விலையையும் தாண்டிப் போனது. அக்காலத்து விலையை மனதில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் இன்றும் உண்டு. இரண்டு, மூன்று இடத்தில் விசாரித்தே பேரம் பேசவேண்டும்.

பழையதைப் பார்க்கக் காலையில், சொல்லாமல் போங்கள். முன்னரே இயக்கிச் சூடாக்கி வைத்த என்ஜின் தன் குறையை மறைக்கும். குளிர்ந்த என்ஜினை நீங்களே இயக்குங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஒயில் எரிகின்றது என்று பொருள். பெருஞ்செலவு வரும். கறுப்புப் புகை பெற்றோல் மிதமிஞ்சி எரிவதைக் காட்டும். அது சிறு திருத்தத்தில் சரிவரலாம். முன் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, கைபிடியை இரு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றால் கழுத்துப் பெயாரிங் தேய்ந்துவிட்டது. சைக்கிளின் பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டு சில்லும் ஒரே கோட்டில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அது எங்கோ அடிபட்ட சைக்கிள், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். செயின் பல்லுகள் கொக்கிபோல் வளைந்திருந்தால் முழுச் செற்றும் மாற்றவேண்டும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3518 என்றால் 2018 ஆம் ஆண்டின் 35 ஆவது கிழமையில் செய்யப்பட்டது. பூ இருந்தாலும் வெடித்த பழைய ரயர் மழையில் பிடிக்காது. மீற்றரை நம்பவேண்டாம், வயரைக் கழற்றினால் அது நின்றுவிடும். கால் வைக்கும் றப்பரையும் கியர்ப் பெடலையும் பாருங்கள். 15,000 கிலோமீற்றர் மட்டும் ஓடியதாகச் சொல்லும் சைக்கிளின் றப்பர் மொட்டையாக இருந்தால் எது உண்மை என்று விளங்கும்.

கடதாசிகளில் அவசரம் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் சைக்கிளில் பொறித்தவையும் ஒன்றாக இருக்கவேண்டும். செசி இலக்கத்தில் உரஞ்சிய அடையாளம் இருந்தால் கதையை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இன்றிக் காசு கொடுக்கக்கூடாது. எமது பகுதிகளில் கையொப்பமிட்ட வெறும் படிவத்துடன் நாலு கை மாறிய சைக்கிள்கள் நிறைய ஓடுகின்றன. முதல் உரிமையாளர் வெளிநாடு போயிருப்பார் அல்லது இறந்திருப்பார். அப்படியான சைக்கிள் உங்கள் முற்றத்தில் நிற்கும், ஆனால் சட்டப்படி உங்களுடையதல்ல. பெயர் மாற்றம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வருட வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் செலவையும் விலையுடன் சேர்த்தே கணக்கிடுங்கள்.

தலைக்கவசமும் முதல் மூன்று மாதமும்

தலைக்கவசத்தின் காசைத் தனியாக முதலில் எடுத்து வையுங்கள். மிஞ்சியதிலேயே சைக்கிள். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008 இல் வெளியான மதிப்பீடொன்று, தலைக்கவசம் தலைக்காயத்தின் ஆபத்தை 69 வீதமும் மரணத்தின் ஆபத்தை 42 வீதமும் குறைப்பதாகக் காட்டியது. பொலிசுக்காகக் கைபிடியில் தொங்கும் கவசம் இந்தக் கணக்கில் சேராது. எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதாக, தலையை அசைத்தால் ஆடாததாக, நாடிப் பட்டி பூட்டியதாக இருக்கவேண்டும். ஒரு முறை பலமாக அடிபட்டதை மாற்றிவிடவேண்டும். பின்னால் ஏறும் பிள்ளைக்கும் அதன் தலை அளவில் ஒன்று வேண்டும். பெண்கள் தாவணியையும் சால்வையையும் ஓடுமுன் இடுப்பில் சுற்றி முடிந்துகொள்ளுங்கள். அவை சில்லில் சிக்குவதால் நேரும் விபத்து மிகக் கொடியது.

பழகும் இடம் வெறும் விளையாட்டுத் திடலாக இருக்கட்டும். பயிலுநர் அனுமதிப்பத்திரமும் எல் பலகையும் இன்றி வீதிக்கு வரக்கூடாது. முதல் கிழமையில் ஓடுவதை விட நிறுத்துவதையே அதிகம் பழகுங்கள். முன் பிறேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற பயம் துவிச்சக்கர வண்டிக் காலத்திலிருந்து எம்முடன் வருகின்றது. பிறேக் பிடித்தவுடன் பாரம் முன்னுக்குச் சாய்கின்றது. ஆகவே சைக்கிளை நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி முன் சில்லிலேதான் கிடைக்கும். பின் பிறேக்கை மட்டும் மிதிப்பவரின் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போகும், நிற்காது. இரண்டையும் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் மெதுவாகத் தொடங்கி இறுக்கவேண்டும். வெடுக்கென்று பிடிக்கக்கூடாது. வளைவிலும் தளர்ந்த கிறவலிலும் மணலிலும் முன் பிறேக்கை மிக மென்மையாகவே தொடவேண்டும். அங்கெல்லாம் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வீதியில் நெல் காயவிட்டிருக்கும் இடத்தில் திருப்பவும் வேண்டாம், பிறேக்கும் வேண்டாம். முன்னரே மெதுவாகி நேராகக் கடந்துவிடுங்கள்.

பக்க ஸ்ராண்டை மடக்காமல் புறப்படுவது பழகுபவர் எல்லோரும் ஒரு நாள் செய்வது. இடப்பக்கம் திருப்பும்போது அது நிலத்தில் குத்தி ஆளைத் தூக்கி எறியும். ஏறியவுடன் குதிகாலால் தட்டிப் பார்ப்பதைக் கைவழக்கமாக்குங்கள்.

முதல் மாதம் தனியாக, பகலில், தெரிந்த வீதியில் மட்டும் ஓடுங்கள். கிறவலும் மழையும் இரண்டாம் மாதத்தில், அதுவும் பழகிய ஒருவர் பின்னால் இன்னொரு சைக்கிளில் வரும்போது. தார் வீதியில் முதல் மழை தூசியையும் ஒயிலையும் கரைத்து வழுக்கும். அரை மணி நேரம் கடையொன்றில் ஒதுங்கி நின்றால் வேலை கெட்டுவிடாது. ஆளை ஏற்றுவதும் அரிசி மூடையோ காஸ் சிலிண்டரோ கட்டுவதும் அனுமதிப்பத்திரம் கிடைத்த பின்புதான். பின்னால் ஐம்பது கிலோ ஏறினால் முன் சில்லு இலேசாகி, கைபிடி வேறு சைக்கிளின் கைபிடிபோல் ஆகிவிடும். முதலில் பத்துக் கிலோ, பின்னர் இருபது என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

செய்முறைப் பரீட்சைக்கு எட்டு வடிவில் ஓடவேண்டியிருக்கும். திடலில் சாம்பலால் எட்டுப் போட்டு, காலை ஊன்றாமல், பிறேக்கைப் பின்னால் மட்டும் இலேசாகத் தொட்டபடி, கண் அடுத்த வளைவைப் பார்க்க ஓடிப் பழகுங்கள். முன் சில்லைப் பார்த்து ஓடுபவர் கோட்டை விட்டு வெளியே போய்விடுவார். நாளுக்கு இருபது தடவையாக இரண்டு கிழமை ஓடினால் போதும், பாரம் குறைந்த சிறு சைக்கிள் அதற்குள் சொன்னபடி கேட்கத் தொடங்கிவிடும்.